பிராங்பர்ட் பவுல் ஆலயத்தின் 1833 ஆர்கன்: அது உண்மையில் எப்போது தொலைந்தது?

துருத்திமேடை எழுதியது:

தேவாலய ஆர்கன்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் அது பாஹ் காலத்துக் கருவிகளிலேயே போய் நின்றுவிடுகிறது. அதற்கு நூறாண்டு பிந்திய ஒரு கருவிக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் நீள்வட்ட வடிவில் கட்டப்பட்ட லுத்தரன் ஆலயமான பவுல் ஆலயத்தில் 1833-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆர்கன் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் ஆர்கன் கலையின் போக்கையே திருப்பிய அந்தக் கருவி இன்று இல்லை. அதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதியதாகவும் என் கண்ணில் படவில்லை.

அதைச் செய்தவர் எபர்ஹார்ட் ஃபிரெட்ரிக் வால்க்கர். 1794-இல் கான்ஸ்டாட்டில் பிறந்தவர். தந்தையும் ஆர்கன் செய்தவரே. 1820-இல் லுட்விக்ஸ்பர்க் நகரில் சொந்தப் பட்டறை தொடங்கிய அவர், சில ஆண்டுகளுக்குள்ளேயே, பெரிய ஆர்கன் எதையும் அதுவரை கட்டியிராத நிலையில், பிராங்பர்ட் நகரத்தாரிடமிருந்து இந்த வேலையைப் பெற்றார். மூன்று விசைப்பலகைகள், காலால் வாசிக்கும் இரண்டு பெடல் பகுதிகள், 74 ஸ்டாப்கள் என்று அமைந்த அந்த ஆர்கன், பழைய பிரான்சிஸ்கன் மடத்து ஆலயத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பப்பட்ட புதிய ஆலயம் 1833 ஜூன் 9 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டபோது அதன் முதன்மை அணியாக நின்றது. இடிக்கப்பட்ட அந்தப் பழைய ஆலயத்தில்தான் 1712 முதல் 1721 வரை இசையமைப்பாளர் டெலமான் இசைப் பொறுப்பாளராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சபையார் இசைக்காக இவ்வளவு பெரிய செலவுக்குத் துணிந்தது வியப்பாகத் தோன்றாது.

ஆலயத்தின் கதையும் நீண்டது. 1789-இல் தொடங்கிய கட்டுமானம் போர்களாலும் பணமுடையாலும் பல ஆண்டுகள் நின்றுபோய், கட்டடக் கலைஞர் ஹெஸ் என்பவரின் மேற்பார்வையில் 1829-க்குப் பின்னரே மீண்டும் உயிர்பெற்றது.

நான் இங்கே வைக்க விரும்பும் கேள்வி இதுதான். வழக்கமாக இந்த ஆர்கனின் கதை 1944 மார்ச் 18 அன்று, விமானக் குண்டுவீச்சில் ஆலயம் எரிந்த நாளோடு முடிக்கப்படுகிறது. அந்தத் தீ ஆலயத்தின் உட்புறத்தை முழுமையாக அழித்தது உண்மை. ஆனால் இந்தக் கருவி நம் கண்ணிலிருந்து மறையத் தொடங்கியது அதற்குச் சரியாக ஒரு தலைமுறைக் காலம் அல்ல, மூன்று தலைமுறைக் காலம் முன்பு, 1848-இலேயே என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களை அடுத்த பதிவுகளில் எழுதுகிறேன். இதைப் பற்றி அறிந்தவர்கள் தயவுசெய்து சேர்ந்துகொள்ளுங்கள்.

கீழவாசல் வாசகி எழுதியது:

துருத்திமேடை ஐயா, வணக்கம். எங்கள் ஊர் ஆலயத்தில் மிதித்து வாசிக்கும் சிறிய கருவியைத் தவிர வேறு ஆர்கனை நான் நேரில் பார்த்ததில்லை. ஆகவே ஓர் அடிப்படைக் கேள்வி. 74 ஸ்டாப்கள் என்கிறீர்கள். அக்காலத்தில் அதைவிடப் பெரிய ஆர்கன்களும் இருந்திருக்குமே. அளவு மட்டும்தான் சிறப்பா, அல்லது வால்க்கர் வேறு ஏதேனும் புதிதாகச் செய்தாரா?

ரீடு சுருதி எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். ஆர்மோனியம் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், காற்றும், ரீடு எனப்படும் உலோக நாக்கும் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்கு நெருக்கமானது.

ஸ்டாப் என்பது ஒரே ஓசைக்குணமுள்ள குழல் வரிசை. விசைப்பலகையின் ஒவ்வொரு கட்டைக்கும் அந்த வரிசையில் ஒரு குழல் உண்டு. 74 ஸ்டாப்கள் என்றால் அத்தகைய 74 தேர்வுகள். அவற்றுள் சில, ஒரு கட்டைக்குப் பல குழல்களைச் சேர்த்து ஒலிப்பவையாகவும் இருக்கும் என்பதால் மொத்தக் குழல்களின் எண்ணிக்கை பல்லாயிரமாகும்.

அளவைவிட ஒழுங்கமைப்பே இதில் முக்கியம். அதற்கு முந்திய நூற்றாண்டு ஜெர்மன் ஆர்கன்களில் ஒவ்வொரு விசைப்பலகையும் தனக்கென ஒரு கூடும் தனித்த குணமும் உள்ள முழு ஆர்கனைப் போல இருக்கும். ஒன்று வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், ஒன்று தலைக்கு மேல், ஒன்று நெஞ்சுக்கு நேரே என்று இடத்தாலேயே வேறுபடும். வால்க்கர் விசைப்பலகைகளை வலிமையின் படிகளாக அடுக்கினார். முதலாவது கம்பீரமானது, இரண்டாவது நடுத்தரமானது, மூன்றாவது மிக மென்மையானது. பெடலை இரண்டாகப் பிரித்ததற்கும் இதுவே காரணம்: மெல்லிய பாட்டுக்கு மெல்லிய அடித்தளம் தனியாக வேண்டும். காதுக்கு எட்டாத அளவு சன்னமாகத் தொடங்கி ஆலயமே அதிரும் அளவுக்கு ஓசையை வளர்த்துச் செல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம்.

இந்தச் சிந்தனை அவருக்கு ஃபோக்ளர் பாதிரியாரிடமிருந்து வந்தது. 1749 முதல் 1814 வரை வாழ்ந்த ஃபோக்ளர், ஊர் ஊராகச் சென்று ஆர்கன் வாசித்தவர். இருந்த ஆர்கன்களைத் தம் முறைப்படி எளிமையாக்குகிறேன் என்று மாற்றி அமைத்தவர். அவர் கையாண்ட ஓர் உத்தியைச் சொல்கிறேன். மிகத் தாழ்ந்த சுரத்துக்கு 32 அடிக் குழல், அதாவது ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள குழல் வேண்டும். அது நொடிக்குச் சுமார் 16 முறை அதிரும். அவ்வளவு பெரிய குழலுக்கு இடமும் பணமும் இல்லாதபோது, நொடிக்கு 32 முறை அதிரும் 16 அடிக் குழலையும், அதன் பஞ்சமமாக 48 முறை அதிரும் குழலையும் ஒன்றாக ஒலிக்கச் செய்தால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடாகிய 16 அதிர்வுகளைச் செவி தானே உண்டாக்கிக்கொள்ளும். ஃபோக்ளர் பெரிய குழல்களை நீக்குவதற்கு இதைப் பயன்படுத்தினார். வால்க்கரோ பெரிய குழல்களையும் வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் இந்த உத்தியையும் ஏற்றினார். குருவின் கருத்தைச் சிக்கனத்திலிருந்து பிரித்து எடுத்துச் செழுமைக்குத் திருப்பிய இடம் இது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நம் ஆர்மோனியத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. ஆர்கனில் வழக்கமாக நாக்குக் குழல்களின் பித்தளை நாக்கு ஒரு தொட்டி போன்ற பகுதியின் விளிம்பில் அடித்து அடித்து ஒலிக்கும். அதனால் ஓசை முரட்டுத்தனமாகவும் உடனடியாகவும் எழும். வால்க்கர் தம் பெரிய ஆர்கன்களில் விரும்பிப் பயன்படுத்தியது, சட்டத்தின் துளைக்குள் எதிலும் மோதாமல் முன்னும் பின்னும் ஊசலாடும் நாக்கு. ஆர்மோனியத்தைத் திறந்து உள்ளே பார்த்தவர்கள் இதை அறிவார்கள்: நாக்கின் நுனியை விரல் நகத்தால் இலேசாக நெம்பி விட்டால், அது சட்டத்தின் ஊடே மறுபுறம் போய்த் திரும்பி வரும், பக்கவாட்டு இடைவெளி ஒரு தாளின் கனம்கூட இராது. இந்த நாக்குக்குக் காற்றழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் சுருதி அதிகம் பிசகாது. ஓசை மட்டும் பெருகும், தணியும். அதனால்தான் மெல்ல வளரும் ஓசையை விரும்பிய அந்தத் தலைமுறைக்கு அது உகந்ததாக இருந்தது.

கீழவாசல் வாசகி எழுதியது:

மிக்க நன்றி, ரீடு சுருதி அண்ணா. இப்போது விளங்குகிறது. இத்தனை ஸ்டாப்களையும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டால் காற்று போதுமா?

ரீடு சுருதி எழுதியது:

போதாது என்பதே அக்காலத்து இடர்ப்பாடு, தங்கையே. அப்போதைய காற்றுப்பெட்டியில் ஒரு கட்டைக்குரிய எல்லா ஸ்டாப்களின் குழல்களும் ஒரே காற்று வாய்க்காலிலிருந்து காற்றை எடுக்கும். பெரிய குழல் ஒன்று திறந்தவுடன் பக்கத்திலுள்ள சிறிய குழலுக்குக் காற்று இளைத்துச் சுருதி இறங்கும். ஸ்டாப்கள் பெருகப் பெருக இந்தத் தொல்லையும் பெருகும். பவுல் ஆலயத்தைப் போன்ற பெரிய அமைப்புகளைக் கட்டிய அனுபவத்தின் தொடர்ச்சியாகவே வால்க்கர் 1840-களில் கூம்பு வால்வுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தார். அதில் ஒரு ஸ்டாப்பின் எல்லாக் குழல்களும் ஒரு வாய்க்காலில் நிற்கும். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியே சிறு கூம்பு வடிவ வால்வு உண்டு. ஒரு குழல் மற்றொன்றின் காற்றைப் பறிப்பதில்லை. பின்னாளில் ஜெர்மனியின் பெரும்பாலான பட்டறைகள் இந்த முறைக்கு மாறின. பிராங்பர்ட் ஆர்கன் அதற்கு முந்தியது.

துருத்திமேடை எழுதியது:

ரீடு சுருதி அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு, வாக்களித்தபடி 1848-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மன் நாடுகள் முழுவதும் புரட்சி வெடித்தது. அனைத்து ஜெர்மானியருக்கும் ஓர் அரசியலமைப்பை எழுதுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய சபை கூடுவதற்குப் பெரிய மண்டபம் ஒன்று வேண்டியிருந்தது. நீள்வட்ட அமைப்பும், சுற்றிலும் தூண்கள் தாங்கிய கேலரியும், பல நூறு பேர் அமரும் இருக்கைகளும் கொண்ட பவுல் ஆலயம் அதற்குத் தேர்வானது. 1848 மே 18 அன்று தேசிய சபை அங்கே முதன்முறையாகக் கூடியது.

ஆலயத்தைச் சபா மண்டபமாக மாற்றியபோது, ஆராதனைக்குரிய அடையாளங்களைப் பார்வையிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. தலைவரின் ஆசனம் இருந்த பக்கத்தில், அதற்கு மேலே, ஆர்கன் நின்றது. அதை எடுக்க முடியாது. ஆகவே ஓவியர் பிலிப் ஃபைட் அந்த மார்ச்சில் விரைந்து தீட்டிய ஜெர்மானியா என்னும் மாபெரும் ஓவியத்தை அதன் முன்னே தொங்கவிட்டார்கள். பவுல் ஆலயத்தின் உட்புறம் இன்று உலகத்துக்குத் தெரிந்திருப்பது பெரும்பாலும் அந்த நாட்களில் வெளிவந்த கல்லச்சுப் படங்களாலும் வரைபடங்களாலும்தான். அவற்றில் உறுப்பினர்களின் முகங்கள் உண்டு, கேலரியில் நெருக்கியடித்து நிற்கும் மக்கள் உண்டு, கொடிகள் உண்டு, தூண்கள் உண்டு. ஆர்கன் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்த ஓவியம் இருக்கிறது. அந்த ஆலயம் எப்போது மிக அதிகமாகப் பார்க்கப்பட்டதோ, எப்போது மிக அதிகமாக வரையப்பட்டதோ, அதே காலத்தில் அதன் ஆர்கன் திரைக்குப் பின்னால் இருந்தது. பள்ளிப் பாடநூல்களில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகளுக்கு அங்கே ஓர் ஆர்கன் இருந்தது என்ற எண்ணமே எழுந்திருக்க வாய்ப்பில்லை.

மற்றொரு செய்தியும் என்னை வருத்துகிறது. குளிர்காலம் நெருங்கியபோது ஆலயத்தில் சூடேற்றும் அமைப்பைப் பொருத்துவதற்காகச் சபை 1848 நவம்பர் முதல் 1849 ஜனவரி வரை வேறோர் ஆலயத்துக்கு இடம்மாறியது. மனிதர்களுக்கு அது தேவைதான். ஆனால் மரத்தால் ஆன காற்றுப்பெட்டிகளுக்கும் தோலால் ஆன துருத்திகளுக்கும் உலர்ந்த வெப்பம் எவ்வளவு பகை என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

செங்கோட்டை நூலகன் எழுதியது:

இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஆயினும் துருத்திமேடை ஐயா அவர்களின் அளவுகோலோடு எனக்கு உடன்பாடில்லை என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். ஜெர்மன் மண்ணில் மக்களின் அடிப்படை உரிமைகள் முதன்முறையாக ஒரு தேசிய சபையில் விவாதிக்கப்பட்டு எழுத்தில் வந்த இடம் அது. 1849 மார்ச் 28 அன்று பிரகடனம் செய்யப்பட்ட அந்த அரசியலமைப்பைப் பிரஷ்ய மன்னர் ஏற்க மறுத்துவிட்டாலும், அதன் உரிமைப் பிரிவுகள் இன்றைய ஜெர்மன் அரசியலமைப்பு வரை வந்து சேர்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட நிகழ்வின் முன்னே ஓர் இசைக்கருவி ஓராண்டுக் காலம் மறைக்கப்பட்டதை இழப்பாகக் கணக்கிடலாமா? வரலாறு ஒன்றைத் தேர்ந்தெடுத்து நினைவில் வைக்கும்போது மற்றொன்று பின்னுக்குப் போவது இயல்பு.

துருத்திமேடை எழுதியது:

நூலகன் ஐயா, தேசிய சபையின் மதிப்பை நான் சிறிதும் குறைக்கவில்லை. அந்த ஓவியத்தைத் தொங்கவிட்டது தவறு என்றும் சொல்லவில்லை. நான் சொல்வது இழப்பு நடக்கும் விதத்தைப் பற்றி. ஒரு கருவியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்றால், அதன் மீது கை வைக்கும்போது யாரும் தடுக்க மாட்டார்கள்.

சபை கலைந்து சில ஆண்டுகளில் ஆலயம் மீண்டும் ஆராதனைக்குத் திறந்தது, ஆர்கனும் ஒலித்தது. ஆனால் 1833-இன் அமைப்பு அப்படியே 1944 வரை நீடிக்கவில்லை. காற்றழுத்தத்தால் இயங்கும் புதிய முறைகள் வந்து, ரசனையும் மாறியபோது, வால்க்கர் நிறுவனமே தன் நிறுவனரின் வேலையைத் திறந்து மாற்றி அமைத்தது. அக்காலத்தில் இது முன்னேற்றம் என்றே கருதப்பட்டது. செய்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். எனவே ஃபோக்ளரின் மாணவ வழியில் வந்த இளைஞர் ஒருவர் முதன்முதலில் காதில் கேட்டுத் தேர்ந்து அமைத்த ஓசை, குண்டு விழுவதற்கு வெகு முன்னரே கலைந்துவிட்டது. 1944-இல் எரிந்தது அந்த வரலாற்றின் கடைசி அடுக்கு.

அந்த நாட்களையும் தனித்துப் பார்க்க முடியாது. பவுல் ஆலயம் எரிந்த நான்காம் நாள், மார்ச் 22 அன்று, கதே பிறந்த வீடும் பழைய நகரத்தின் பெரும்பகுதியும் அழிந்தன. மனிதர்கள் மாண்டுகொண்டிருந்தபோது ஓர் ஆர்கனுக்காக அழ யாருக்கும் நேரம் இருந்திருக்காது, அது நியாயமும்கூட. எண்பது ஆண்டுகள் கழிந்த பிறகாவது அதைப் பற்றி முழுமையாகப் பேசலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

செங்கோட்டை நூலகன் எழுதியது:

நினைவு இல்லாத இடத்தில் தடுப்பும் இராது என்ற வாதம் வலுவானது; ஏற்கிறேன். ஆயினும் மாற்றியமைத்தவர்களும் அதை மறந்து செய்யவில்லை, நன்கு அறிந்தே செய்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தன் நிறுவனரின் புகழை நிலைநாட்டிய கருவி எது என்பது லுட்விக்ஸ்பர்க் பட்டறைக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மாடவிளக்கு எழுதியது:

அந்த ஜெர்மானியா ஓவியத்தைப் பற்றி ஒரு செய்தி சேர்க்கலாமா? வேலை நிமித்தமாக நியூரம்பர்கில் தங்கியிருந்தபோது அங்குள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் அதை நேரில் பார்த்தேன். ஏறத்தாழ 4.8 மீட்டர் உயரமும் 3.2 மீட்டர் அகலமும் உள்ளது. ஓக் இலைக் கிரீடம் அணிந்த பெண். நெஞ்சில் இரட்டைத் தலைக் கழுகு. கையில் உருவிய வாள், மூவர்ணக் கொடி. காலடியில் அறுந்த விலங்கு. பின்னால் எழும் சூரியன். தூரத்திலிருந்து பார்க்கும்போது சுவரோவியத்தின் கனம் தெரிகிறது. அருகில் சென்றால், அது மெல்லிய பருத்தித் துணியில் தீட்டப்பட்டிருப்பது தெரியும். வண்ணம் மெலிந்த இடங்களில் நெசவே கண்ணுக்குப் புலப்படுகிறது. நிரந்தரமாக வைப்பதற்கான பொருளாக அது தோன்றவில்லை, அவசரத்துக்குச் செய்த திரையாகத்தான் தோன்றியது. அந்தத் திரை இன்றும் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அது மறைத்து நின்ற ஆர்கன் இல்லை. துருத்திமேடை ஐயாவின் பதிவைப் படிக்கும் வரை அதன் பின்னால் என்ன இருந்தது என்று அந்த அருங்காட்சியகத்தில் நின்றபோதும் எனக்குத் தோன்றியதில்லை.

புன்னைக்காயல் எழுதியது:

எல்லாரும் இழப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ஸ்டாப் பட்டியல் கிடைக்கிறது. வால்க்கரின் செய்முறையை அறிந்த கைவினைஞர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். அதே பட்டறையில் செய்த அக்காலத்துக் குழல்கள் வேறு ஆலயங்களில் உள்ளன. அளவெடுத்து, அந்த 1833 ஆர்கனையே பவுல் ஆலயத்தில் மீண்டும் கட்டினால் என்ன? டிரெஸ்டன் நகரில் மாதா ஆலயத்தையே மறுபடி எழுப்பவில்லையா?

ரீடு சுருதி எழுதியது:

புன்னைக்காயல் தம்பி, விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் டிரெஸ்டன் எடுத்துக்காட்டையே சற்று நெருங்கிப் பாருங்கள். அங்கே 1736-இல் சில்பர்மான் செய்த ஆர்கன் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பாஹ் அதில் வாசித்தார். 1945 பிப்ரவரியில் ஆலயம் இடிந்து விழுந்தபோது அது அழிந்தது. ஆலயத்தைப் பழைய வடிவிலேயே கட்டி எழுப்பி 2005-இல் திறந்தார்கள். மண்டபம் அதே அளவு, அதே வடிவு, ஆர்கன் நிற்கும் இடமும் அதே இடம். அப்படி இருந்தும் சில்பர்மான் ஆர்கனை அப்படியே நகல் செய்வதா, இன்றைய தேவைக்கேற்பப் புதியது செய்வதா என்று பல ஆண்டுகள் கடுமையாக விவாதித்தார்கள். முடிவில், ஸ்ட்ராஸ்பர்க்கின் டேனியல் கெர்ன், பழைய முகப்பின் சாயலில், சில்பர்மான் வழிக் குழல்களை அடிப்படையாகக் கொண்டு, அவற்றோடு பிற்காலத்துக்குரிய பகுதி ஒன்றையும் சேர்த்துச் செய்தார்.

பிராங்பர்ட்டின் நிலைமை இதைவிடக் கடினம். அங்கே மண்டபமே அதே மண்டபம் இல்லை. போருக்குப் பிறகு ஜெர்மனியின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்த நன்கொடைகளைக் கொண்டு பவுல் ஆலயத்தைத்தான் முன்னுரிமை கொடுத்துக் கட்டினார்கள். தேசிய சபையின் நூற்றாண்டு நாளான 1948 மே 18 அன்று திறந்தார்கள். கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷ்வார்ஸ் வெளிச் சுவர்களை மட்டும் வைத்துக்கொண்டு உட்புறத்தை வேறாக அமைத்தார். பழைய கேலரி கிடையாது. மேற்கூரை தட்டையானது. கீழே ஒரு முன்மண்டபத்தை நுழைத்து, கூட்ட மண்டபத்தை அதற்கு மேலே உயர்த்திவிட்டார். வெறும் வெண்சுவர்கள், துறவியின் அறை போன்ற எளிமை. தோல்வியிலிருந்து எழும் நாடு ஆடம்பரமாக இருக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்ததை நான் மதிக்கிறேன். ஆனால் வால்க்கர் காதில் கேட்டு ஓசையை அளந்த அந்த வெளி இப்போது இல்லை.

ஆர்கன் குழலுக்குக் கடைசி வேலை மண்டபத்தில்தான் நடக்கும். பட்டறையில் குழலைச் செய்து சுருதி கூட்டிக் கொண்டுவந்தாலும், ஆலயத்தில் நிறுத்திய பிறகு ஒவ்வொரு குழலின் வாயையும் அடித்துளையையும் இம்மி இம்மியாகத் திருத்தி, அந்தச் சுவர்களும் அந்தக் கூரையும் திருப்பித் தரும் ஒலிக்கு இணங்க வைப்பார்கள். அளவுகளை நகல் எடுக்கலாம். அந்தத் திருத்தத்தை நகல் எடுப்பதற்குப் பழைய மண்டபம் வேண்டும்.

தவிர, அங்கே இப்போது வேறோர் ஆர்கன் இருக்கிறது. பான் நகரத்துக் கிளைஸ் பட்டறை 1980-களில் செய்தது. ஷ்வார்ஸின் எளிய மண்டபத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட அதை அகற்றினால், நாம் யாரைக் குறைகூறுகிறோமோ அவர்கள் செய்ததையே நாமும் செய்தவர்கள் ஆவோம்.

புன்னைக்காயல் எழுதியது:

மண்டபம் மாறிவிட்டது என்ற கருத்தை ஏற்கிறேன், அண்ணா. ஆனால் வேறு இடத்தில், அதே அளவுள்ள வேறொரு கட்டடத்தில் செய்து பார்ப்பதில் என்ன குறை? முழு உண்மை கிடைக்காது என்பதற்காகப் பாதி உண்மையையும் விட்டுவிட வேண்டுமா? ஒரு தலைமுறை அதைக் கேட்டால்தானே அடுத்த தலைமுறைக்கு அதைப் பற்றிய அக்கறை வரும்?

துருத்திமேடை எழுதியது:

தம்பியின் கேள்வி நியாயமானது; எளிதில் ஒதுக்கிவிட முடியாதது. என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். இருப்பதை ஒழுங்காகக் காப்பாற்றி முடித்த பிறகே இல்லாததைக் கட்ட வேண்டும். பிராங்பர்ட் ஆர்கனின் புகழால் வால்க்கருக்கு வந்து குவிந்த வேலைகள் எவ்வாறு முடிந்தன என்று பார்த்தால் இதன் அவசரம் விளங்கும்.

முதலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நெவ்ஸ்கி சாலையில் உள்ள லுத்தரன் பேதுரு ஆலயத்துக்கு வால்க்கர் 1840-இல் பெரிய ஆர்கன் ஒன்றை முடித்துக் கொடுத்தார். இளம் சைக்கோவ்ஸ்கிக்கு ஆர்கன் கற்பித்த ஹைன்ரிஹ் ஷ்டீல் அந்த ஆலயத்தின் ஆர்கன் கலைஞர்தான். சோவியத் ஆட்சியில் 1937-இல் ஆலயம் மூடப்பட்டது. 1960-களில் அதற்குள் நீச்சல் குளம் கட்டினார்கள். ஆர்கன் போய்விட்டது. அடுத்து உல்ம் பேராலயம்: 1856-இல் 100 ஸ்டாப்களோடு முடிக்கப்பட்டு அக்காலத்து வியப்புகளுள் ஒன்றாகப் பேசப்பட்ட அதுவும் மாற்றத்துக்கு மேல் மாற்றம் கண்டு, இன்று பழைய வடிவில் இல்லை.

பாஸ்டன் ஆர்கனின் கதை சற்று வேறுவிதம். இது ஆலயத்துக்கு உரியது அல்ல என்றாலும் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் சொல்கிறேன். பாஸ்டன் இசை மண்டபத்துக்காக வால்க்கர் செய்து கப்பலில் அனுப்பிய ஆர்கன், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 நவம்பர் 2 அன்று அரங்கேறியது. இருபதே ஆண்டுகளில் இசைக்குழுவுக்கு மேடையில் இடம் போதவில்லை என்று 1884-இல் அதைக் கழற்றி விற்றார்கள். குழல்களும் சிற்ப வேலைப்பாடு மிக்க மரக்கூடும் பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தன. 1897-இல் எட்வர்ட் சேர்ல்ஸ் என்னும் செல்வந்தர் 1,500 டாலருக்கு அதை வாங்கி, அந்த ஆர்கனுக்கென்றே மெதுவன் என்னும் ஊரில் மண்டபம் ஒன்றைக் கட்டினார். 1909 டிசம்பரில் அது மீண்டும் ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. ஆனால் 1947-இல் நடந்த மறுசீரமைப்பில் அதன் ஓசைக்குணம் பெரிதும் மாற்றப்பட்டது. ஆகவே கூட்டைப் பார்க்க மெதுவன் போகலாம். 1863-இன் ஓசையை அங்கே கேட்க இயலாது.

லாத்வியாவின் ரீகா பேராலயத்தில் 1884-இல் வால்க்கரின் மகன்கள் முடித்த 124 ஸ்டாப் ஆர்கன் மட்டும் பெரும்பாலும் தன் இயல்போடு நிற்கிறது. ஆனால் அது தந்தை மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிந்தியது. 1833-க்கும் அதற்கும் இடையே ஐம்பதாண்டு வளர்ச்சி இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பிராங்பர்ட் இப்படித்தான் ஒலித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கீழவாசல் வாசகி எழுதியது:

அப்படியானால், ஐயா, 1833-க்கு மிக நெருங்கிய ஓசையை இன்று கேட்க விரும்புபவர் எங்கே போக வேண்டும்? என் தம்பி மகள் ஹைடல்பர்கில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளிடம் சொல்லிக் கேட்டு எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

துருத்திமேடை எழுதியது:

நல்ல செய்தி, அம்மா. ஹைடல்பர்கிலிருந்து தெற்கே, ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய தூரத்தில், ஹோஃபன்ஹைம் என்ற சிற்றூர் இருக்கிறது. கால்பந்து அணியின் பெயரால் பலர் அறிந்த ஊர்தான். அங்குள்ள புராட்டஸ்டண்ட் ஆலயத்தில் வால்க்கர் 1846-இல் முடித்த ஆர்கன் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பிராங்பர்ட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இருப்பினும் அதே கை, அதே தலைமுறை, பதின்மூன்று ஆண்டு இடைவெளி மட்டுமே. உங்கள் தம்பி மகள் வார நாளில் போனால் ஆலயம் பூட்டியிருக்கக் கூடும். ஞாயிறு ஆராதனைக்குப் போவதே நல்லது. ஆராதனை முடிந்ததும் ஆர்கன் வாசிப்பவரை அணுகி, மிக மென்மையான ஸ்டாப் ஒன்றை மட்டும் தனியாகவும், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து முழு ஆர்கனையும் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். ரீடு சுருதி அவர்கள் மேலே சொன்ன படிப்படியான வளர்ச்சி அங்கே எவ்வாறு நிகழ்கிறது, எந்த இடத்தில் புதிய ஸ்டாப் சேர்ந்தது என்று காதால் பிரித்தறிய முடிகிறதா என்பதை அவள் கவனித்து எழுதினால், இந்த இழையில் அதை வைத்தே மேலும் பேசலாம்.

ரீடு சுருதி எழுதியது:

அத்தோடு ஒன்று, அம்மா. அந்த ஆர்கனில் ஊசலாடும் நாக்குள்ள ஸ்டாப் ஏதேனும் இருக்கிறதா என்றும் அவளைக் கேட்டு வரச் சொல்லுங்கள். இருந்தால், கைப்பேசியில் பதிவு செய்யும்போது அந்த ஸ்டாப்பில் ஒரே சுரத்தைச் சற்று நேரம் தொடர்ந்து பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும். ஓசை எழும்பத் தொடங்கும் முதல் கணம்தான் எனக்கு வேண்டும். நம் ஆர்மோனியத்தின் ரீடோடு பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.